மற்றவை

படிவத்தில் ஆறு கட்டங்கள்:
தானியம், பருப்பு, பால், இறைச்சி, காய், பழம்.
ஓரத்தில், அச்சடித்தவருக்கு
இடம் மிஞ்சியதாலோ என்னவோ,
ஒரு விரல் அகலத்துக்கு 'மற்றவை'.
நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்க வேண்டும்.
வேறெதுவும் கேட்கக் கூடாது.

கோரையாற்றுக் கரையில் பேருந்து இறக்கிவிட்டது.
வரப்பு, பின்னும் வரப்பு, ஒரு மூங்கில் பாலம்.
கார்த்திகைச் சேறு.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு
அரசாங்கம் போய்ச் சேர்ந்தது.

காத்தாயி அடுப்பை ஊதியபடி சொன்னாள்:
"நேத்தா? ஒண்ணுமில்லைங்க.
நத்தைதான்."

இறைச்சியா, மற்றவையா?
பேனா அந்தரத்தில் நின்றது.

"அவிச்சு, கருவ முள்ளால இழுத்து,
மொளகு இருந்தா மொளகு.
முந்தாநாளு நண்டு.
அதுக்கு முந்தி ஆரக்கீர.
களையெடுக்கப் போனா மடியில வந்துடும்.
பறிக்கிறதுக்குக் கூலி ஆண்டை குடுக்குறாரு,
பறிச்சதுல கொழம்பு நாங்க வைக்கிறோம்."
சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவிய பக்கிரி,
அவள் இளையவன்,
வேலி முருங்கையை மொட்டையடித்துத் தின்ற
இரண்டாம் மாதம்
மின்மினியைத் துரத்தினானாம்.
இதற்கு என்னிடம் கட்டமே இல்லை.

நேற்று என்றால் அவளுக்கு ஒரு வருஷம்.
"ஆனியில ஆத்துத் தண்ணி வந்தா கெண்டை ஏறும்,
மதகுல பறி வைப்பாரு எங்க வூட்டுக்காரரு.
தாளடியில வெதைச்ச உளுந்து
பங்குனியில பறிப்பு, ஆண்டைக்குப் போவ
ஒரு பங்கு நமக்கு.
கொளம் வத்துனா வெரால்,
சேத்தக் கிண்டுனா கொட்டிக் கெழங்கு.
அரப்படி நெல்லுக்கு ஒரு கை காரப்பொடி
தருவா கருவாட்டுக்காரி.
சித்திரையில ஒண்ணும் கெடையாது.
சித்திரையில நுங்கு."

எல்லாம் எழுதினேன். ஓரத்தில், தலைகீழாக,
பின்பக்கத்தில்.

"நீங்க நேத்து என்ன தின்னீங்க?"
மன்னார்குடி மெஸ். காலையில் இட்லி, சாம்பார்.
மதியம் சோறு, சாம்பார்.
இரவு, காலையின் இட்லி உப்புமாவாக.
கத்தரிக்காய்ப் பொரியல் என்று
ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டேன்.
"பாவம்" என்றாள்,
பழித்துச் சொல்லவில்லை.

வளமான ஊர் என்று மனம் முடிவு கட்டியபோது
அடுப்பை விட்டு நிமிர்ந்தாள்.
"ஐப்பசி அடமழைல நாலு நாளு.
எல்லாம் முங்கிப்போச்சு. நண்டெல்லாம்
வரப்பேறி வாசலுக்கே வந்துடுச்சு.
கை நெறைய நண்டு, சட்டி இருக்கு, உப்பு இருக்கு.
வெறகு நனஞ்சுபோச்சு, நெருப்பு இல்ல.
புள்ளைவ நண்டையே பாத்துக்கிட்டு ஒறங்குச்சுவ.
அத எந்தக் கட்டத்துல போடுவீங்க?"

கிளம்பும்போது குரலைத் தாழ்த்தினாள்.
அறுப்பு முடிந்த வயலில் வளை தோண்டினால்
ஒரு மரக்கால் தேறுமாம்,
எலி கத்தரித்து அடுக்கிய கதிர்கள்.
"இத மட்டும் எழுதாதீங்க.
எலி திருடுனது எங்களுதா அவருதான்னு
பஞ்சாயத்து வரும்."
நெல்லை மட்டும்தானே எடுப்பீர்கள் என்றேன்.
"எலியையுந்தான்."

மேலாளர் படிவத்தைத் திருப்பி எறிந்தார்:
கட்டத்துக்கு வெளியே எழுத்து, செல்லாது.
புதுப் படிவத்தில் பிரதி எடுத்தேன்.
தானியம்: அரிசி. பருப்பு: எப்போதாவது.
பால்: இல்லை. இறைச்சி: இல்லை.
காய்: இல்லை. பழம்: இல்லை.
மற்றவை: உண்டு.

அந்த ஒரு சொல்லுக்கு
விரல் அகலம் போதுமானதாக இருந்தது.